வரையாடா, மலைமுகடா? மேற்குத் தொடர்ச்சி மலையின் ஐந்து தேசியப் பூங்காக்கள்: ஓர் ஒப்பீடு

மலைக்காட்டுக்குப் போகிறவர்களுக்குப் பொதுவாக இரண்டு ஆசைகள் இருக்கின்றன. கால் ஓயும்வரை புல்வெளியிலும் சோலையிலும் நடக்க வேண்டும் என்பது ஒன்று. காட்டு விலங்கை அதன் இடத்தில், அதன் போக்கில், கண்ணாரக் காண வேண்டும் என்பது மற்றொன்று. நிறைய நடந்தால் நிறைய விலங்குகளைப் பார்க்கலாம் என்ற நம்பிக்கையில்தான் பெரும்பாலோர் பயணத்தைத் திட்டமிடுகிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் பல ஆண்டுகளாக நடந்துவரும் எனக்கு, இந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்த்தே போயிருக்கிறது. நீண்ட நடைக்கு இடம் தரும் மலையில் விலங்கு தொலைவில் ஒரு புள்ளியாகத்தான் தெரிகிறது. விலங்கு அருகில் வரும் இடத்திலோ நம்முடைய நடை ஒரு கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது. ஆகவே எந்தப் பூங்காவுக்குப் போவது என்பதைவிட, இவ்விரண்டில் எதை விட்டுக்கொடுக்க நமக்கு மனம் இருக்கிறது என்பதே முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி.

தமிழ்நாட்டிலிருந்து மூன்று நான்கு நாள் விடுப்பில் போய்வரக்கூடிய இரவிகுளம், முக்கூர்த்தி, அமைதிப் பள்ளத்தாக்கு, பெரியாறு, குதிரேமுக் ஆகிய ஐந்தையும் இந்தக் கேள்வியை முன்வைத்து ஒப்பிட விரும்புகிறேன். 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்த மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 பகுதிகளில் இவை ஐந்தும் அடங்கும். ஒரே மலைத்தொடர் என்றாலும் இவற்றின் காடுகள் ஒன்றுபோல் இல்லை. காட்டுக்குள் காலடி வைக்க ஒவ்வொன்றும் அனுமதிக்கும் முறையும் வேறு. இயற்கை வேறுபாட்டைவிட இந்த அனுமதி வேறுபாடே பயணியின் அனுபவத்தை அதிகமாகத் தீர்மானிக்கிறது.

இரவிகுளத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் வரையாடு. சங்கப் பாடல்களில் வருடை என்று பெயர் பெற்ற இந்த விலங்கு தமிழ்நாட்டின் மாநில விலங்கு என்றாலும், அது மிக அடர்த்தியாக வாழும் இடம் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாறுக்கு அருகில் இருக்கும் இந்த 97 சதுர கிலோமீட்டர் பரப்புதான். 2025ஆம் ஆண்டில் தமிழ்நாடும் கேரளமும் இணைந்து நடத்திய கணக்கெடுப்பில் மொத்தம் 2,668 வரையாடுகள் பதிவாயின. அவற்றில் 841 இரவிகுளத்தில் மட்டும் காணப்பட்டன. உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு விலங்கினத்தின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒரே பூங்காவில் வாழ்கிறது என்னும்போது, அதன் நிலம் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதும் தெரிகிறது. செங்குத்துப் பாறையும் அதையொட்டிய புல்வெளியும் சேர்ந்து இருந்தால்தான் வரையாட்டால் வாழ முடியும். புல்வெளியில் மேய்ந்துகொண்டிருக்கும்போது சிறுத்தையோ செந்நாயோ வந்தால் அது ஓடி ஒளியும் இடம் பாறைச் சரிவுதான். பாறை இல்லாத புல்வெளியும் புல்வெளி இல்லாத பாறையும் அதற்குப் பயன்படா.

இரவிகுளத்தில் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்திருப்பது ராஜமலை என்ற ஒரு விளிம்பு மட்டுமே. வனத்துறையின் பேருந்தில் ஏறி, தேயிலைத் தோட்டங்களைக் கடந்து, ஓர் இடத்தில் இறங்கி, அங்கிருந்து பாறைச் சரிவை ஒட்டிய தார்ச்சாலையில் சிறிது தூரம் நடந்து திரும்புவதுதான் பொதுவான வருகை. மலையேற்றம் என்று எண்ணிக் கனத்த பையோடு வருகிறவர்களுக்கு இது பெருத்த ஏமாற்றமாக இருக்கும். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி, 2,695 மீட்டர் உயரத்தில், இதே பூங்காவுக்குள் கண்முன்னே நிற்கிறது. ஆனால் பொதுப் பயணிகள் அதன்மேல் ஏற அனுமதி இல்லை. பார்க்கலாம், ஏற முடியாது.

ஆயினும் அந்தச் சிறு தூரத்தில் கிடைக்கும் காட்சிக்கு நான் நடந்த எந்த நீண்ட தடமும் ஈடாகவில்லை. ராஜமலையின் வரையாடுகள் மனிதர்களுக்குப் பழகியவை. சாலையோரக் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் சில அடி தூரத்தில் பெட்டைகளும் குட்டிகளும் மேய்ந்துகொண்டிருக்கும். முதிர்ந்த கிடாவின் உடல் கருத்து, முதுகில் வெண்சாம்பல் நிறத்தில் சேணம் போட்டதுபோன்ற திட்டு படர்ந்திருக்கும். அந்தக் கிடா ஒன்று மூடுபனி விலகிய நேரத்தில் பாறை நுனியில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்ததை அரைமணி நேரம் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை. வேறு இடங்களில் தொலைநோக்கியில் வரையாட்டைக் கண்டபோதெல்லாம், அது என்னை முன்பே கண்டு தலை தூக்கியிருந்தது. நம்மைக் கண்டு அஞ்சாத விலங்கைப் பார்ப்பது வேறு வகை அனுபவம். ராஜமலைக்கு எதிராகச் சொல்லப்படும் கூட்ட நெரிசல் உண்மைதான். விடுமுறை நாளின் நண்பகலில் அங்கே விலங்கைவிட மனிதக் குரல்தான் மிகுதியாகக் கேட்கும். வார நாளில், காலை முதல் வண்டியில் ஏறுகிறவர்களுக்கு அந்தக் குறை பெருமளவு நீங்கும். மூடுபனி பிற்பகலில் இறங்கிவிடும் என்பதாலும் காலையே சரியான வேளை.

கவனிக்க வேண்டிய மற்றொன்று, குட்டி ஈனும் காலம். வரையாடுகள் ஆண்டின் தொடக்க மாதங்களில்தான் அதிகமாகக் குட்டி ஈனுகின்றன. அதனால் பிப்ரவரி முதல் மார்ச் இறுதி வரையான காலத்தில் பூங்கா பொதுவாக மூடப்பட்டிருக்கும். ஏப்ரலில் திறக்கும்போது குட்டிகள் தாயோடு துள்ளித் திரிவதைக் காணலாம் என்பதால், கோடை விடுமுறைக்குச் செல்லும் குடும்பங்களுக்கு இது நல்ல காலமே. குறிஞ்சிக்காகச் செல்ல நினைப்பவர்கள் காத்திருக்க வேண்டும். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி இந்த மலையில் 2006இலும் 2018இலும் பூத்தது, அடுத்தது 2030.

இரவிகுளத்தில் வரையாட்டைக் கண்டுவிட்டு, ஏறவும் வேண்டும் என்று கால் துடித்தால், பூங்காவுக்கு வெளியே, அதே உயர்மலைப் பகுதியில், 2,640 மீட்டர் உயரமுள்ள மீசைப்புலிமலை இருக்கிறது. கேரள வன மேம்பாட்டுக் கழகம் அங்கே வழிகாட்டியுடன் மலையேற்றம் நடத்துகிறது. அது தேசியப் பூங்கா அல்ல என்பதால் இந்த ஒப்பீட்டில் சேராது. ஆனால் மூணாறில் தங்கி இரண்டு நாளில் இரண்டு ஆசைகளையும் தனித்தனியே தீர்த்துக்கொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

முக்கூர்த்தி இதற்கு நேர்மாறான இடம். நீலகிரி மாவட்டத்தின் தென்மேற்கு விளிம்பில் 78.46 சதுர கிலோமீட்டரில் விரியும் இந்தப் பூங்கா, வரையாட்டைக் காக்கவே உருவாக்கப்பட்டது. 1990இல் தேசியப் பூங்காவானது. புல்வெளி, அதன் மடிப்புகளில் இருண்ட சோலைகள், மேற்கே திடீரென்று கேரளத்துக்குள் விழும் பள்ளம் என்று இதன் நில அமைப்பு இரவிகுளத்தைப் போன்றதே. தோடர் மக்களுக்கு முக்கூர்த்திச் சிகரம் புனிதமானது. இறந்தவர்களின் உயிரும் எருமைகளின் உயிரும் மறுவுலகம் செல்லும் வழி அது என்பது அவர்கள் மரபு. உதகையிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது என்றாலும், நினைத்த நேரத்தில் போய் நடக்கக்கூடிய இடமல்ல.

பூங்காவின் உள்பகுதி பொதுச் சுற்றுலாவுக்குத் திறக்கப்படவில்லை. ஆனால் 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 தடங்களுடன் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில், பார்சன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து முக்கூர்த்தி குடிலுக்குச் செல்லும் தடமும், அவலாஞ்சியிலிருந்து கொல்லாரிபெட்டாவுக்குச் செல்லும் தடமும் இடம்பெற்றுள்ளன. இணையத்தில் முன்பதிவு செய்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியுடன் மட்டுமே நடக்க முடியும். இந்தக் கட்டுப்பாட்டைத் தொல்லை என்று கருதுகிறவர்கள் 2018 மார்ச் 11ஆம் நாளை நினைவில் கொள்ள வேண்டும். அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் உயிரிழந்தார்கள். காய்ந்த புல்வெளியில் தீ மேல்நோக்கிப் பரவும் வேகத்துக்கு எந்த மனிதனாலும் ஈடுகொடுத்து ஓட முடியாது. அதன் பிறகுதான் மாநிலத்தில் மலையேற்றத்துக்கு முறையான விதிகள் வந்தன. பிப்ரவரி நடுவிலிருந்து தீக்காலம் முடியும்வரை தடங்களை மூடிவைக்கும் வழக்கமும் உறுதிப்பட்டது. அனுமதியின்றிக் காட்டுவழியில் அழைத்துச் செல்வதாகச் சொல்லும் யாரையும் நம்ப வேண்டாம் என்று இங்கே வெளிப்படையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

விலங்கைப் பொறுத்தவரை முக்கூர்த்திப் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டிய எதிர்பார்ப்பு குறைவானது. கடமான் மந்தையும் அதன் குளம்படியும் தெரியலாம். கரடி தோண்டிய மண், செந்நாயின் எச்சம், புலி நகம் கீறிய மரம் என்று விலங்கின் தடயங்கள்தான் அதிகம் கிடைக்கும். வரையாடு தெரிந்தால் எதிர்ச் சரிவில், தொலைநோக்கிக்குள் தெரியும். ஆனால் தடயத்தைப் படிக்கத் தெரிந்த வழிகாட்டி வாய்த்துவிட்டால், காட்சி கிடைக்காத அந்த நாளும் வீணாகாது. நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை இந்த உயர்ப் புல்வெளிகளுக்கே உரியது. அதைத் தேடுகிறவர்களுக்கு இது சிறந்த தடம். சீகை (வாட்டில்), பைன், கற்பூர மரம் (யூகலிப்டஸ்) ஆகியவற்றை முன்பு நட்ட இடங்களில் புல்வெளி எப்படி அழிந்தது என்பதையும் நடந்துகொண்டே காணலாம். மழைநீரைப் பிடித்துவைத்துக் கோடையில் சிறிது சிறிதாக ஓடையில் விடும் புல்வெளியை, பயனற்ற நிலமென்று எண்ணி மரம் நட்டு மூடியது எவ்வளவு பெரிய பிழை என்பதை அங்கே நின்றால் விளக்கமில்லாமலே புரியும்.

முக்கூர்த்தியின் மேற்குச் சரிவிலிருந்து இறங்கினால் வருவது அமைதிப் பள்ளத்தாக்கு. வரைபடத்தில் அண்டையில் இருந்தாலும், நாம் போக வேண்டிய வழி பாலக்காடு மாவட்டத்தின் முக்காலியிலிருந்து தொடங்குகிறது. மேலே புல்வெளி என்றால் கீழே மழைக்காடு. கண் நூறு அடி தாண்டாது. முக்காலியில் வனத்துறை ஏற்பாடு செய்யும் வண்டியில் ஏறி, வழிகாட்டியுடன் 23 கிலோமீட்டர் காட்டுச் சாலையில் சென்று சைரந்திரியில் இறங்க வேண்டும். அங்கே ஒரு காவல் கோபுரம். அங்கிருந்து குந்திப்புழா ஆற்றுக்கு ஒரு சிறு நடை. திரௌபதி அஞ்ஞாதவாசத்தில் வைத்துக்கொண்ட பெயர் ஊருக்கும், குந்தியின் பெயர் ஆற்றுக்கும் வாய்த்திருக்கிறது. இந்த ஆற்றில்தான் நீர்மின் அணை கட்டத் திட்டமிட்டார்கள். 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பும் கவிஞர் சுகதகுமாரி போன்றோரும் நடத்திய எதிர்ப்பால் அது கைவிடப்பட்டு, 1984இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் காட்டுக்காக ஓர் அணைத்திட்டம் கைவிடப்பட்ட இடத்தின் ஆற்றைப் பார்க்கிறோம் என்ற உணர்வுக்காகவே இங்கே ஒருமுறை போகலாம்.

இந்தப் போராட்டத்தின் அடையாளமாக நின்றது சோலைமந்தி என்னும் சிங்கவால் குரங்கு. மரங்களின் உச்சியிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் இந்த விலங்குக்கு, கிளையோடு கிளை கோத்த தொடர்ச்சியான மழைக்காடு வேண்டும். அதைக் காணவே அமைதிப் பள்ளத்தாக்குக்குப் போகிறேன் என்று சொல்கிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: வண்டிப் பயணத்தில் கருமந்தியும் மலை அணிலும் தெரிய நல்ல வாய்ப்பு உண்டு, மேலே வட்டமிடும் இருவாச்சியின் இறக்கை ஓசையும் கேட்கலாம், ஆனால் சோலைமந்தி தெரிவது நற்பேறு. அதை அருகில் பார்ப்பதே நோக்கமென்றால் ஆனைமலையில் வால்பாறையை அடுத்த புதுத்தோட்டத்துக்குப் போவது நல்லது. அங்கே துண்டாகிப்போன காட்டில் வாழும் குரங்குக் கூட்டங்கள் சாலையோரத்திலேயே தெரியும். துண்டாடப்பட்ட காட்டில் விலங்கு எளிதில் தெரிவதும், முழுமையான காட்டில் தெரியாமல் போவதும் வருத்தம் தரும் உண்மை. நடை என்ற அளவில் அமைதிப் பள்ளத்தாக்கு ஐந்திலும் கடைசியிடம் பெறும். மழைக்காட்டுக்குள் இருப்பது என்ற அளவில் முதலிடம்.

பெரியாற்றுக்கு இந்த ஒப்பீட்டில் தனி இடம் உண்டு. 925 சதுர கிலோமீட்டர் புலிகள் காப்பகமான இங்கே நடையும் விலங்கும் ஒன்றுக்கொன்று இடம் கொடுக்கின்றன. காரணம் இயற்கை மட்டுமன்று. நடையை நடத்துகிறவர்கள் யார் என்பதே பெரிய காரணம். 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில், காட்டுக்குள் திருட்டுத்தனமாக வயணப் பட்டை (காட்டு இலவங்கப்பட்டை) உரித்து விற்றுவந்தவர்களும் வேட்டையாடியவர்களும் தங்கள் தொழிலைக் கைவிட்டு, வனத்துறையோடு சேர்ந்து வழிகாட்டிகளும் காவலர்களும் ஆனார்கள். பளியர், மன்னான் பழங்குடியினரும் இப்படிப்பட்ட குழுக்களில் பணியாற்றுகிறார்கள். அருகிலுள்ள ஊர்ப் பெண்கள் வசந்தசேனா என்ற பெயரில் ஊதியமின்றி முறைவைத்துக் காட்டில் ரோந்து செல்கிறார்கள். காவலர் கண்ணில் படாமல் எங்கே ஒளிவது என்று ஒரு காலத்தில் கற்றவருக்கு, யானைக் கண்ணில் படாமல் நம்மை எங்கே நிறுத்துவது என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

தேக்கடியில் கிடைக்கும் வாய்ப்புகளைச் சுருக்கமாகச் சொன்னால், சில மணி நேரக் காட்டு நடை ஒன்று, தமிழ்நாட்டு எல்லை முகடுவரை ஏறித் திரும்பும் ஒருநாள் நடை ஒன்று, மூங்கில் தெப்பத்தில் சென்று பாதி நடந்து பாதி மிதந்து வருவது ஒன்று, காட்டுக்குள் கூடாரத்தில் தங்கி நடக்கும் புலித்தடம் ஒன்று. கடைசியில் சொன்னதில் விருந்தினர் சிலரே. கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையில் வழிகாட்டிகளும் துப்பாக்கி ஏந்திய வனக்காவலரும் உடன் வருவார்கள். செலவு கூடுதல், இடம் குறைவு, முன்பதிவு மிகவும் முன்கூட்டியே வேண்டும். இருப்பினும் ஐந்து பூங்காக்களிலும் ஒன்றை மட்டும் சொல் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஏனென்றால் இந்த நடையின் வேகத்தை விலங்கு தீர்மானிக்கிறது. முன்னால் செல்பவர் கையைப் பின்னால் நீட்டி விரலை மடக்கினால் அனைவரும் நிற்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஒரு பிடி மண்ணை உதிர்த்துப் பார்ப்பார். காட்டுமாட்டுக் கூட்டம் எங்கள் வழியில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு காலையில், நாற்பது நிமிடம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அவை தாமாகவே சரிவில் இறங்கிய பின்னரே எழுந்தோம். அன்று நடந்த தூரம் ஐந்து கிலோமீட்டர்கூட இராது. கணக்கில் அது தோல்வியடைந்த மலையேற்றம். ஆனால் பெரிய காளை ஒன்று மூச்சு விடும் ஓசையை, வெள்ளைக் காலுறை அணிந்ததுபோன்ற அதன் கால்கள் ஈரப்புல்லை மிதிக்கும் ஓசையை, தரையில் உட்கார்ந்து கேட்டதற்கு ஈடாக எந்தச் சிகரத்தையும் நான் கேட்கமாட்டேன்.

பெரியாற்றின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். உயரம் குறைவு, பரந்த மலைக்காட்சியை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு எல்லை முகட்டு நடை ஒன்றே ஓரளவு நிறைவளிக்கும். 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையால் உருவான ஏரி அழகானது, கோடையில் யானைகள் நீருக்கு இறங்குவதை அதன் கரையில் காணலாம்; ஆனால் படகுச் சவாரி மட்டும் போய்விட்டுக் காட்டைப் பார்த்ததாகத் திரும்பக் கூடாது. சபரிமலை இந்தக் காப்பகத்துக்குள் இருப்பதால் கார்த்திகை, மார்கழி மாதங்களில் குமுளியில் பக்தர் கூட்டம் நிரம்பி வழியும். தங்குமிடம் கிடைப்பது கடினம். மதுரை, தேனிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பேருந்து வசதி மிகுதி என்பது ஆறுதல்.

குதிரேமுக் முழுக்க நடைக்கானது. கர்நாடகத்தின் சிக்கமகளூரு மாவட்டத்தை மையமாகக் கொண்டு ஏறத்தாழ 600 சதுர கிலோமீட்டரில் பரந்திருக்கும் இந்தப் பூங்கா, 1987இல் அறிவிக்கப்பட்டது. குதிரையின் முகம்போலத் தெரிவதால் பெயர் பெற்ற சிகரம் 1,900 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. துங்கா, பத்ரா, நேத்ராவதி ஆகிய மூன்று ஆறுகளும் இந்தப் பூங்காவின் கங்காமூலாவில் பிறக்கின்றன. கலசா ஊர்ப் பக்கத்திலிருந்து ஜீப்பில் முள்ளோடி சென்று, அங்கிருந்து ஏறித் திரும்ப ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஒரே நாளில் முடிக்க வேண்டும், மேலே தங்க அனுமதி இல்லை. ஓடைகள், சோலைத் துண்டுகள், பிறகு முடிவேயில்லாத பச்சை முகடுகள் என்று வழி மாறிக்கொண்டே போகும். அக்டோபரில் மழை ஓய்ந்த வாரத்தில் அந்தப் புல்வெளியில் நடப்பதற்கு நிகரான நடை மற்ற நான்கு பூங்காக்களிலும் பொதுப் பயணிக்குக் கிடைப்பதில்லை.

விலங்கு இல்லாத மலை என்று இதை நினைத்துவிடக் கூடாது. சோலைமந்தி, காட்டுமாடு, புலி, சிறுத்தை எல்லாம் வாழும் காடு இது. அனுமதி பெற்ற நூற்றுக்கணக்கானோர் வரிசையாக ஏறும் தடத்தில் அவை நிற்காது, அவ்வளவே. தொலைவில் ஒரு முகட்டில் கடமான் நின்றால் அன்றைக்கு அதுவே பெரிது. இன்னொரு வகையில் இந்தப் பூங்கா எனக்கு முக்கியமானது: இங்கே பல பத்தாண்டுகள் நடந்த இரும்புத்தாது அகழ்வு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 2005ஆம் ஆண்டின் இறுதியில் நின்றது. கைவிடப்பட்ட சுரங்க நகரமும், கழிவுச் சேற்றைத் தேக்கிய லக்கியா அணையும் இன்றும் அங்கே இருக்கின்றன. அமைதிப் பள்ளத்தாக்கில் அழிவு தொடங்குமுன் தடுக்கப்பட்டது. இங்கே தொடங்கிய பின் நிறுத்தப்பட்டது. இரண்டு இடங்களையும் பார்த்தவர்களுக்கு அந்த வேறுபாடு மண்ணிலேயே தெரியும்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஐந்து இடங்களிலும் கடுமையாகப் பெய்யும். குதிரேமுக்கில் ஆண்டு மழை 7,000 மில்லிமீட்டர் அளவுக்குப் போகும். அட்டைகளுக்கு அதுவே திருவிழாக் காலம். பிப்ரவரியும் மார்ச்சும் இரவிகுளத்தில் குட்டிகளுக்காகவும் மற்றப் புல்வெளிகளில் தீக்காகவும் கதவடைக்கும் மாதங்கள். எனவே உயர்ப் புல்வெளிக்கு டிசம்பரும் ஜனவரியுமே மிகவும் ஏற்றவை. அப்போது நீலகிரியின் உயரங்களில் காலையில் உறைபனி படியும், ஜனவரியில் காட்டுப் பூவரசு (ரோடோடென்ட்ரான்) செக்கச்சிவக்கப் பூக்கத் தொடங்கும். இரவிகுளத்துக்கு ஏப்ரலும் நல்லது. பெரியாறு மட்டும் இந்தக் கணக்கிலிருந்து விலகி, நீர் வற்றும் கோடையில் விலங்குகளை ஏரிக்கரைக்குக் கொண்டுவருகிறது. மூடும் நாள்கள் ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறுவதால், பயணச்சீட்டு எடுக்குமுன் அந்தந்த வனத்துறையின் இணையதளத்தைப் பார்த்துவிடுவது அவசியம்.

யாருக்கு எது என்பதை இனிச் சொல்லலாம். முதியவர்களும் சிறு குழந்தைகளும் உள்ள குடும்பத்துக்கு இரவிகுளம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அடுத்ததாக அமைதிப் பள்ளத்தாக்கு, வண்டிப் பயணத்தின் குலுக்கலைத் தாங்க முடிந்தால். முழங்கால் நன்றாக இருக்கும் இளைஞர் குழுவுக்கு, குறிப்பாக இதுவரை மலையேறாதவர்களுக்கு, குதிரேமுக். சென்ற பிறகு விலங்கு தெரியவில்லையே என்று குறைப்பட மாட்டோம் என்று முன்கூட்டியே மனத்தை உறுதிசெய்துகொண்டவர்களுக்கு முக்கூர்த்தித் தடங்கள். பறவை நோக்குபவர்களுக்கும் அதுவே. காட்டைப் பற்றி ஏற்கெனவே கொஞ்சம் படித்து, விலங்குக்காகக் காத்திருக்கப் பொறுமை உள்ள இரண்டு மூன்று பேருக்குப் பெரியாறு. பத்துப் பேராகச் சேர்ந்து போவதென்றால் பெரியாற்றின் காட்டு நடையைத் தவிர்த்துவிடுவதே நல்லது. பத்துப் பேரின் காலடி ஓசையில் எதுவும் தெரியாது, மற்றவர்களுக்கும் தெரியாமல் போகும்.

இரவிகுளத்துக்கு வடக்கே, ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் புல்மலை பற்றிச் சிலர் கேட்பதுண்டு. வரையாடு நிறைந்த, மிக அழகான அந்த நிலம் பொதுப் பயணிகளுக்கு மூடப்பட்டிருக்கிறது. மூடியே இருக்கட்டும் என்பதே என் விருப்பம். ராஜமலையில் பழகிய வரையாடுகளை நாம் அவ்வளவு அருகில் காண முடிவதற்கு விலையாக, பழகாத வரையாடுகளுக்கு மனிதர் கால் படாத புல்வெளி எங்காவது எஞ்சியிருக்க வேண்டும்.

எங்கே போனாலும் தொலைநோக்கி ஒன்று கட்டாயம் வேண்டும். எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும், அதற்கு மேல் கை நடுக்கம் காட்சியைக் கெடுக்கும். கரும்பச்சை, பழுப்பு நிற ஆடை, தையல் நெருக்கமான அட்டைக் காலுறை, மழைச்சட்டை, பிடிப்புள்ள காலணி ஆகியவை போதுமானவை. வாசனைத் திரவியத்தை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். யானைக்கும் காட்டுமாட்டுக்கும் கண்ணைவிட மூக்கு கூர்மை.

வரும் டிசம்பரில் நான்கு நாள் கிடைத்தால், உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு சென்று, முதல் நாள் காலை ராஜமலைக்கும் மறுநாள் மீசைப்புலிமலைக்கும் போய், பிறகு குமுளிக்கு இறங்கிக் கடைசி இரண்டு நாளையும் பெரியாற்றுக்குக் கொடுப்பேன். சின்னாற்றின் முள்காட்டை ஒட்டிய சாலையில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்ல வேண்டும். ஆற்றோர மரங்களில் சாம்பல் நிற மலை அணில் தெரிய வாய்ப்பிருக்கிறது. ஐயப்ப பக்தர் கூட்டத்தை எண்ணி, குமுளியில் அறையை இப்போதே பதிவுசெய்துவிடுவேன்.